வாசிக்காமல் விட்ட மூன்று வசனம்

மத்தியானம் இரண்டு மணிக்கு மாவு மில்லை நிறுத்துவார்கள். காலை ஏழு மணியிலிருந்து சுவரும் தரையும் அலமாரியில் அடுக்கிய தட்டுகளும் அதிர்ந்தபடியே இருந்துவிட்டு, மோட்டார் நின்றதும் வீடு முழுக்க ஒரு அமைதி இறங்கும். புதிதாக வருகிறவர்களுக்குக் காது அடைத்துப்போன மாதிரி இருக்கும். தையல்காரிக்கு அது இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வேதப்புத்தகத்தோடு கணவரின் கட்டில் ஓரமாக வந்து உட்காருவாள்.

மில்காரரின் மனைவியாகி இத்தனை காலம் ஆகியும் தெருவில் அவளுக்குத் தையல்காரி என்றே பெயர். கல்யாணத்துக்கு முன்னால் மில்லுக்கு எதிர்ச்சாரியில் ஒரு மிஷினைப் போட்டுக்கொண்டு, ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவள். இப்போது அந்த மிஷின் இந்த வீட்டு ஜன்னலோரத்தில் நிற்கிறது. மாவு விழுகிற வாயில் கட்டும் துணிக்குழாய் கிழிந்தால் அவள்தான் புதிதாகத் தைத்துக் கொடுப்பாள். மற்றபடி அதற்கு வேலை இல்லை.

மில்காரருக்குச் சர்க்கரை வியாதி இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணைப் பறித்துக்கொண்டது. மில் பக்கம் போவது நின்றது. காதில் விழுகிற சத்தத்தை வைத்தே, கோதுமை அரைக்கிறதா சோளம் அரைக்கிறதா, கல் நெருங்கி மாவு கருகுகிறதா என்று கட்டிலிலிருந்தே சொல்லிவிடுவார். மற்ற நேரத்துக்கு அவருக்கு வேதப்புத்தகம். முதல் பக்கத்திலிருந்து வாசி, ஒரு வரி விடக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தார். அவளும் விடவில்லை. எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு, யார் யாரைப் பெற்றார் என்ற பட்டியலையும், கூடாரத்துத் திரைக்கு எத்தனை முழம் என்ற கணக்கையும் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்துத் தீர்த்தாள். ஆறு மாசம் ஆகி, இப்போதுதான் ஐந்தாவது புத்தகமான உபாகமத்துக்கு வந்திருந்தார்கள்.

வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் பெரியவன் இருப்பான். பத்து நாளைக்கு ஒரு முறை அரைகல்லைக் கழற்றிப் போட்டு உளியால் கொத்துவான். தேய்ந்துபோன வரிகளை ஒன்றொன்றாக எழுப்ப வேண்டும். மற்ற நாளில் சாக்குகளின் மேல் கொஞ்சம் சாய்ந்து கிடப்பான். முப்பத்தோரு வயது. புருவத்திலும் காது மடலிலும் எப்போதும் மாவு. பெல்ட் நழுவி அடித்த தழும்பு ஒன்று இடது முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் ஓடியது. பதினாலு வயதில் மில்லுக்குள் நுழைந்தவன், அதற்கப்புறம் வேறு எங்கும் போகவில்லை. அவனுக்குக் கல்யாணம் என்று பேச்சு எடுத்தபோதெல்லாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மில்காரர் தள்ளிவிட்டார். அவனும் கேட்கவில்லை.

அவன் தையல்காரி பெற்ற பிள்ளை இல்லை. மில்காரருக்கு முதலில் வாய்த்தவளின் பிள்ளை.

அந்த முதல் மனைவியைத் தையல்காரிக்கு நன்றாகத் தெரியும். வாடிக்கைக்காரி. அகலமான தோள், சத்தமில்லாத பேச்சு. அளவு எடுக்கும்போது கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவாள், இறக்கச் சொன்னால் இறக்குவாள். மில்லில் மூட்டை சுமக்கிறது முதற்கொண்டு எல்லா வேலையும் அவள்தான். மில்காரரின் அப்பா பார்த்துக் கட்டி வைத்த பெண். மில்காரருக்கு அவளை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அடித்தார், திட்டினார் என்று யாரும் சொல்ல முடியாது. அவள் பக்கம் பார்க்கவே மாட்டார், அவ்வளவுதான். பத்து வருஷத்தில் இரண்டு பேரும் தெருவில் சேர்ந்து நடந்து ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் அவளுடைய ரவிக்கையைப் பிரித்துத் தைக்க வேண்டும் என்றால் அவரே எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்கு வருவார். வந்தவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார். தப்பாக ஒன்றும் நடந்ததில்லை. ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் யாருக்குச் சேர வேண்டியது என்பது தையல்காரிக்கு அப்போதே தெரியும். மூன்று நாள் காய்ச்சலில் அந்த முதல் மனைவி போய்ச் சேர்ந்தபோது பையனுக்கு எட்டு வயது. அடுத்த எட்டாவது மாதம் தையல்காரியின் மிஷின் தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது.

அவளுக்குப் பிறந்தவன் சின்னவன். இருபத்தொரு வயது. போன் கடையில் வேலை. சட்டையில் ஒரு பொட்டு மாவு பட்டால் வேறு சட்டை மாற்றிக்கொள்கிறவன். கெட்ட பிள்ளை என்று சொல்ல முடியாது. சிரித்த முகம். அப்பாவின் கண்ணுக்கு ஒளி இருந்தவரை அது அவன் மேலேயே இருந்தது.

இந்த நிலையில்தான் ஒரு புதன்கிழமை பத்திர எழுத்தர் வீட்டுக்கு வந்தார். மில்காரர் உயில் சொன்னார், அவர் எழுதிக்கொண்டார். மில்லும் இடமும் சின்னவனுக்கு. வீட்டில் தையல்காரி உள்ளவரைக்கும் இருந்துகொள்ளலாம், பிறகு அதுவும் சின்னவனுக்கு. பெரியவன் விரும்புகிற வரைக்கும் மில்லில் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், பின்கட்டு அறையில் தங்கலாம். அவ்வளவுதான் பெரியவனுக்கு. திங்கட்கிழமை சாட்சிகளை வைத்துக் கைநாட்டு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு எழுத்தர் எழுந்தார். அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தது பெரியவன்.

தையல்காரிக்கு மனசு குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. சின்னவன் பிறந்த நாளிலிருந்து, நேராகக் கேட்காவிட்டாலும், சாப்பாடு போடும்போது ஒரு சொல், போர்வையை இழுத்துவிடும்போது ஒரு சொல் என்று, இந்த உயிலை அவள்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில், அன்றைக்கு வாசிக்க வேண்டிய அதிகாரத்தை வழக்கம்போல முன்கூட்டியே எடுத்துப் பார்த்தாள். வாயில் நுழையாத பெயர் ஏதாவது இருந்தால் தட்டுத்தடுமாறாமல் இருப்பதற்காக அப்படி ஒரு பழக்கம். இருபத்தொன்றாம் அதிகாரம். பாதிக்கு மேல் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

ஒருவனுக்கு இரண்டு பெண்டாட்டி. ஒருத்தி பிடித்தவள், ஒருத்தி பிடிக்காதவள். இரண்டு பேருக்கும் பிள்ளை உண்டு. மூத்தது பிடிக்காதவள் வயிற்றில் பிறந்ததாக இருந்தால், சொத்தைப் பிரிக்கிற நாளில் அவனைத் தள்ளிவிட்டு, பிடித்தவளின் பிள்ளைக்கு மூத்தவனின் உரிமையைக் கொடுக்கக் கூடாது. பிடிக்காதவளின் பிள்ளையைத்தான் மூத்தவன் என்று ஏற்றுக்கொண்டு, இருப்பதில் இரண்டு பங்கை அவனுக்குக் கொடுக்க வேண்டும். மூன்றே வசனம். அதற்கு முன்னால் யுத்தத்தில் பிடித்து வந்த பெண்ணைப் பற்றி ஏதோ இருந்தது, பின்னால் அடங்காத பிள்ளையைப் பற்றி ஏதோ இருந்தது. நடுவில் இது.

யாரோ தெருவில் நின்று அவளுடைய பழைய கடையையே பார்த்துக்கொண்டிருந்து எழுதிய மாதிரி அவளுக்கு வேர்த்துவிட்டது.

இரண்டு மணிக்கு மில் நின்றது. கட்டிலோரம் உட்கார்ந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் உளிச் சத்தம் சீராகக் கேட்டது. பெண்ணைப் பற்றிய பகுதியை வாசித்தாள். ஒரு மூச்சு எடுத்தாள். நேராக அடங்காத பிள்ளைக்குப் போய்விட்டாள். குரல் நடுங்கவில்லை. முடித்துப் புத்தகத்தை மூடினாள்.

"இன்னிக்குச் சின்ன அதிகாரமா இருக்கே" என்றார் மில்காரர்.

"ஆமாங்க, சின்னதுதான்" என்றாள்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் சுட்ட ரொட்டியில் உப்பில்லை. மறுநாள் உப்பை இரண்டு முறை போட்டுச் சுட்டாள். துணிக்குழாய்க்கு நூல் கோக்கப் போனால் ஊசிக் காது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பெரியவன் சாப்பிட வந்து உட்கார்ந்தான். உப்புக் கரித்த ரொட்டியை ஒரு வார்த்தை சொல்லாமல் நாலு தின்றுவிட்டுத் தண்ணீரை மட்டும் கூட ஒரு செம்பு குடித்துவிட்டுப் போனான். அதைப் பார்த்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் அம்மாவும் இப்படித்தான். தோள்பட்டை இறுக்கிப் பிடித்த ரவிக்கையை, சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போட்டுக்கொண்டு போனவள்.

வெள்ளிக்கிழமை போதகர் மில்காரரைப் பார்த்து ஜெபம் பண்ண வந்தார். வழியனுப்பும்போது தையல்காரி, அந்தக் காலத்துச் சட்டமெல்லாம் நமக்கும் உண்டா என்று பட்டும் படாமலும் கேட்டாள். போதகர் குளிர்ந்த மனசுக்காரர். கையில் இருந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே, அதெல்லாம் அந்தக் காலத்து ஜனங்களுக்கு, நமக்குக் கிருபை வந்துவிட்டது, ஆடும் மாடும் பலி கொடுத்துக்கொண்டா இருக்கிறோம் என்று சிரித்தார். எதைப் பற்றிக் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அவருடைய பதில் காலைக் கடிக்கிற செருப்பு மாதிரி இருந்தது. போட்டுக்கொள்ளலாம், நடக்கத்தான் முடியாது.

சனிக்கிழமை சின்னவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் மெதுவாக ஆரம்பித்தாள். அண்ணனுக்கும் ஒரு பங்கு எழுதினால் என்ன என்று கேட்டாள்.

"அண்ணனை நான் தெருவுலயா விடப்போறேன்? சம்பளம் இருக்கு, ரூம் இருக்கு. வேற என்ன வேணும் அவருக்கு?"

"சம்பளம்னா அது வேலைக்காரனுக்கும்தான் குடுப்பே."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "என்னம்மா திடீர்னு? நீதானே சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டு வந்தே, எல்லாம் உனக்குத்தான்டான்னு. நானா கேட்டேன்?"

உண்மைதான், அவன் கேட்டதில்லை. கேட்காமலே ஊட்டி வளர்த்த ஆசை அது. இப்போது அவன் வாயிலிருந்து அதைப் பிடுங்க வேண்டும் என்றால், ஊட்டிய கைதான் பிடுங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பாடும் ஆகி, வழக்கமான நேரத்துக்குக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். ஞாயிறு மில் இல்லை. ஆனாலும் பெரியவன் அந்தப் பக்கம் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு இருபத்துநாலாம் அதிகாரம். அவள் பக்கத்தைப் பின்னால் புரட்டினாள்.

"வியாழக்கிழமை மூணு வசனத்தை விட்டுட்டேங்க. அதை வாசிச்சுட்டு மேல போறேன்."

அவள் வாசித்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, பெயர்ப் பட்டியல் வாசிக்கிற மாதிரி வாசித்தாள். வாசித்து முடித்தபோது அவர் போர்வையின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில்.

"என்ன தெரியும்?"

"நீ விட்டது. சின்னப் பிள்ளையிலேர்ந்து கேட்ட புத்தகம் இது. எந்த இடத்துல எது வரும்னு எனக்குத் தெரியாதா? பத்து நாளா அந்த அதிகாரத்தைத்தான் எண்ணிட்டிருந்தேன். நீ தாண்டிப் போனதும் அப்பாடான்னு இருந்துச்சு. நீயும் விட்டே, நானும் விட்டேன்."

இரண்டு பேரும் ஒரே திருட்டை, ஒருவருக்கொருவர் தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

"அப்போ நாளைக்கு என்ன செய்யப்போறீங்க?"

"அதுல போட்டிருக்கிற மாதிரி நான் ஒண்ணும் அவளை வெறுக்கல. ஒரு நாள் கை நீட்டினதில்ல. சோத்துக்குக் குறை வச்சதில்ல."

"பார்த்ததும் இல்லையே" என்றாள் தையல்காரி.

அவர் முகம் அவள் பக்கம் திரும்பியது. பார்வையில்லாத அந்தக் கண்ணை எதிர்கொள்ள முடியாமல் அவள்தான் தலையைக் குனிந்தாள். "நீங்க என் கடையில வந்து உட்கார்ந்தப்ப நானும்தான் எழுந்து போங்கன்னு சொல்லல. உங்களை மட்டும் சொல்லல நான்."

அவர் சொன்னார். "அவனுக்கு ரெண்டு பங்கு எழுதினா, அந்த வசனம் என்னைப் பத்தினதுதான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். அவ பிடிக்காதவன்னு. ஊர் படிக்கும். அவன் படிப்பான்."

தட்டுகிற சத்தம் நின்று வெகு நேரம் ஆகியிருந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. பெரியவன் நடுக்கதவில் நின்றுகொண்டிருந்தான். கையில் உளியும் சுத்தியும்.

"அப்பா, கேட்டுட்டுத்தான் இருந்தேன்" என்றான்.

மில்காரர் எழுந்து உட்காரப் பார்த்தார். தையல்காரி முதுகுக்குத் தலையணை வைத்தாள்.

பெரியவன் நாலு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினான். கோபம் இல்லை. மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி நிதானமாகப் பேசினான்.

"புதன்கிழமை டீ கொண்டுவந்தப்பவே காதுல விழுந்துச்சு. நீங்களா கூப்பிட்டுச் சொல்வீங்கன்னு இருந்தேன். சொல்லல. சரி, அது போகட்டும். எனக்கு ரெண்டு பங்கு வேண்டாம்ப்பா. பிடிக்காதவ பிள்ளைன்னு அதை வாங்கினா, எங்கம்மாவைப் பிடிக்காமப் போனதுக்கு நான் கூலி வாங்கின மாதிரி. எனக்கு அது வேண்டாம். உங்க பிள்ளைன்னு நினைச்சா ஒரு பங்கு குடுங்க. தம்பிக்கு எவ்வளவோ அவ்வளவு. நினைக்கலேன்னா ஒண்ணும் வேண்டாம். திங்கட்கிழமை கைநாட்டு வச்சுக்கங்க, செவ்வாய்க்கிழமை நான் கிளம்பிடுறேன். கல்லு கொத்தத் தெரிஞ்சவனுக்கு வேற மில்லா கிடைக்காது."

சொல்லிவிட்டு அவன் போகவில்லை. பதிலுக்காக நின்றான். மில்காரர் வாயைத் திறந்தார், மூடினார். அவன் உளியோடு உள்ளே போனான். திரும்ப உளிச் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது தையல்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எதற்காக அழுகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. அவனுக்காகவா, அந்த அகலத் தோள்காரிக்காகவா, நாளைக்குத் தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டியிருப்பதற்காகவா.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பத்திர எழுத்தர் வந்தார். பெரியவன் மோட்டாரை நிறுத்தினான். சாட்சிக்குப் போதகரும் பக்கத்துத் தகரக் கடைக்காரரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவன் கடைக்கு லீவு போட்டு, சலவைச் சட்டையில் நின்றான். எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதி வந்ததை வாசிக்க ஆரம்பித்தார். மில்காரர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

மாற்றி எழுத வேண்டும் என்றார். மில்லும் இடமும் இரண்டு மகன்களுக்கும் சரிபாதி. வீடும் தையல்காரிக்குப் பிறகு அப்படியே. எழுத்தர் சின்னவனைப் பார்த்தார், போதகரைப் பார்த்தார், பிறகு புதுத் தாளை எடுத்தார். யார் யாருக்கு என்று விவரம் போட வேண்டும், மூத்தவரின் தாயார் பெயர் என்ன என்று கேட்டார்.

தையல்காரிக்கு அந்தப் பெயர் தெரியும். அளவு நோட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். தானே சொல்லிவிடலாமா என்று அவள் நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் மில்காரர் சொன்னார். முழுப் பெயரையும் சொன்னார். அவளுடைய அப்பா பெயரைச் சொன்னார். இறந்த தேதியைச் சொன்னார். எங்கேயும் யோசிக்கவில்லை. எழுத்தருக்கு ஓர் எழுத்துச் சந்தேகம் வந்தபோது, அதையும் திருத்தினார்.

"மூத்த மகன்னு போட்டீங்களா?" என்று கேட்டார்.

"போட்டிருக்கேன் ஐயா."

"அதைத் திரும்ப ஒரு தடவை வாசிங்க."

எழுத்தர் வாசித்தார். கதவருகில் நின்ற பெரியவன் தரையைப் பார்த்தபடியே இருந்தான். இவ்வளவு காலமும் இந்த வீட்டுக்கு ஒரே ஒரு மனைவி என்றுதான் தையல்காரி நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றையும் மறக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நல்லதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வந்தது அது இல்லை.

கைநாட்டு ஆனது. சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் போன பிறகு சின்னவன் அடுப்படிக்கு வந்தான்.

"நீதானே மாத்தினே?"

"ஆமா."

"நீ பெத்தது என்னையா, அவரையா?"

அவள் அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் விலகிக்கொண்டான். சலவைச் சட்டையோடு அப்படியே வெளியே போனவன், கூட வேலை பார்க்கிற ஒருவனின் அறையில் தங்கிக்கொண்டான். ஒன்பது நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. தையல்காரி அவன் தட்டைத் தினமும் எடுத்து வைத்தாள், தினமும் கழுவாமலே திரும்ப அடுக்கினாள். மில்காரர் அவளிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. பெரியவன் மட்டும் வழக்கம்போல ஏழு மணிக்கு மோட்டாரைப் போட்டான், வழக்கம்போல இரண்டு மணிக்கு நிறுத்தினான். பாதி மில்லுக்குச் சொந்தக்காரன் ஆனதில் அவன் நடையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஒருவேளை, தம்பி வருகிறவரைக்கும் அது தன்னுடையது இல்லை என்று நினைத்தானோ என்னவோ.

பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்குச் சின்னவன் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து உட்கார்ந்தான். அவள் ரொட்டியும் முட்டையும் வைத்தாள். முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான். இன்னொரு ரொட்டி வைத்தாள், அதையும் சாப்பிட்டான். கையைக் கழுவிக்கொண்டு, "அண்ணன் எங்க?" என்றான்.

"மில்லுலதான்."

நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரி கதவு வரைக்கும் போய் நின்றாள். மாவுப் புகைக்குள் இரண்டு பேரும் எதிரெதிரே நிற்பது தெரிந்தது. சின்னவனின் வாய் அசைந்தது. பெரியவன் துணிக்குழாயைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவன் வாய் அசைந்தது. அரைக்க வந்த இரண்டு பெண்கள் டின்னை அணைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

கட்டிலிலிருந்து மில்காரர் கூப்பிட்டார். "யாரு, சின்னவனா வந்தது?"

"ஆமாங்க."

"என்ன பேசுறாங்க ரெண்டு பேரும்?"

"மில்லு ஓடுதுங்க. ஒண்ணும் கேக்கல."

"சண்டையா?"

அவள் எட்டிப் பார்த்தாள். சின்னவன் கையை நீட்டி எதையோ காட்டினான். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் காட்டினான். பெரியவன் தலையை அசைத்தான். சரி என்று அசைத்தானா, இல்லை என்று அசைத்தானா, அந்தப் புகைக்குள் பிடிபடவில்லை. சின்னவனின் கறுப்புச் சட்டை தோளோடு வெளுத்துக்கொண்டு வந்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை.

"சொல்லு, சண்டையா?"

"தெரியலங்க" என்றாள் தையல்காரி. "நின்னுட்டிருக்காங்க. இன்னும் பேசிட்டுத்தான் இருக்காங்க."